பதினான்காம் இருக்கையின் இரண்டு வரிகள்

அலுவலகத்தில் அவருக்கு முதுகுக்குப் பின்னால் நோண்டி என்று பெயர். முகத்துக்கு நேரே நோண்டி சார். மரியாதை அவ்வளவுதான் கூடும். அதில் அவருக்கு வருத்தமும் கிடையாது. செய்வது நோண்டுகிற வேலை, பிறகு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

ஆம்புலன்ஸ் அழைப்பு மையம் அது. கீழ்த்தளத்தில் வரிசையாக நாற்பது இருக்கைகள், நாற்பது கணினிகள், காதில் கருவி மாட்டிய நாற்பது பேர். யாருக்காவது நெஞ்சு அடைத்தாலும், யாராவது மாடிப்படியில் உருண்டாலும், அழைப்பு அங்கேதான் வந்து விழும். முகவரியைக் கேட்டுத் தட்டி, பக்கத்தில் நிற்கும் வண்டியைத் தேர்ந்தெடுத்து, ‘அனுப்பு’ என்ற பச்சைப் பொத்தானை அழுத்தினால் வண்டியோட்டியின் போன் அலறும். நோண்டி இருப்பது இரண்டாவது மாடியில், சர்வர் அறைக்குப் பக்கத்தில். கீழே அழுத்துகிற ஒவ்வொரு அழுத்தமும் அந்தச் சர்வருக்கு வந்துதான் வெளியே போகும். வந்தது, போனது, போகாமல் நின்றது எல்லாவற்றையும் அது வரி வரியாக ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே இருக்கும். அந்தக் கோப்புக்கு லாக் என்று பெயர். அதைப் படிப்பதுதான் அவர் பிழைப்பு.

அடுத்தவர் எழுதிய நாலு வரிக் கடிதத்தை முழுசாகப் படிக்கவே யாருக்கும் பொறுமையில்லாத காலத்தில், இந்த மனிதர் இயந்திரம் எழுதியதை இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்து படித்தார். ஒரு நாளைக்கு லட்சக்கணக்கில் வரி. பெரும்பாலும் ‘வந்தேன், கொடுத்தேன், போனேன்’ ரகம்தான். நடுவில் எங்கேயாவது ஒரு வரி மூச்சுத் திணறியிருக்கும். அதைப் பிடித்து, அங்கிருந்து மேலே மேலே ஏறி, யார் யாரை நிறுத்தி வைத்தார்கள் என்று மூலம் வரை போய்ப் பார்க்காமல் இவருக்குச் சோறு இறங்காது.

வீட்டிலும் இதே புத்திதான். பால் பொங்கி வழிந்தால், "கடைசியா அடுப்பத் தொட்டது யாரு? அப்ப மணி என்ன?" என்பார்.

"பால் பொங்குனா தொடைக்கணுங்க. விசாரணைக் கமிஷன் வைக்கக் கூடாது" என்பாள் மனைவி.

அவருக்கு ஒரு கர்வம் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் மற்றது விளங்காது. பாதிப் பதில் சொல்ல மாட்டார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தடவை, "இந்த இடத்துல நின்னுடுச்சு சார்" என்று ஓடிப்போய்ச் சொன்னார். "நின்னது எங்களுக்கும் தெரியும்யா. ஏன் நின்னுச்சுன்னு சொல்லத்தான உன்ன வச்சிருக்கோம்?" என்று அன்றைய மேலாளர் பத்துப் பேர் முன்னால் கேட்டுவிட்டார். அந்தச் சூடு ஆறவேயில்லை. அதற்குப் பிறகு என்ன, ஏன், யாரால் என்ற மூன்றும் கையில் சேர்ந்தால்தான் வாயைத் திறப்பார். அதுவரை யார் கேட்டாலும், "இருங்க சார், முழுசாக் கொண்டு வர்றேன்" என்பதுதான் பதில். ஊர் மெச்சிய கர்வம்தான். எத்தனையோ தடவை அலுவலகத்தைக் காப்பாற்றிய கர்வமும்கூட.

கீழ்த்தளத்தில் பதினான்காம் இருக்கை அவருடைய தங்கையுடையது. கணவன் செத்துப்போய், பள்ளிக்கூடம் போகிற மகளோடு தனியாக நின்றவளுக்கு இவர்தான் விண்ணப்பம் வாங்கிக் கொடுத்தார். மற்றபடி தேர்வு எழுதி, குரல் பரிசோதனையில் தேறி, தானாகத்தான் வேலைக்கு வந்தாள். ஏழு வருடம் ஆயிற்று. அவளைப் பற்றி ஒரு புகார் கிடையாது. அண்ணனும் தங்கையும் ஒரே கட்டடத்தில் இருந்தும் மதியச் சாப்பாட்டுக்குக்கூடச் சேர்ந்து உட்கார்ந்ததில்லை. நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று அவள் ஒதுங்கியே இருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது நாற்பத்திரண்டுக்கு ஒரு அம்மா அழைத்தார். கணவருக்கு மூச்சு வாங்குகிறது என்றார். தங்கை முகவரியைக் கேட்டுக்கொண்டாள். வண்டி வருகிறது, கதவைத் திறந்து வையுங்கள் என்றாள். அடுத்த அழைப்புக்குப் போய்விட்டாள். வண்டி போகவில்லை. நாற்பது நிமிஷம் கழித்து அந்த அம்மா மறுபடியும் அழைத்தபோது வேறொரு இருக்கையில் எடுத்தார்கள், வண்டி ஏழே நிமிஷத்தில் போய் நின்றது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

மையத்தின் பதிவேட்டில் முகவரி இருந்தது. வண்டி அனுப்பியதற்கான குறிப்பு இல்லை. குறிப்பு இல்லையென்றால் அழுத்தவில்லை என்று அர்த்தம். அப்படித்தான் அங்கே கணக்கு. சாயங்காலமே அவளைப் பணியிடை நீக்கம் செய்து கடிதம் கொடுத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை அண்ணன் வீட்டுக்கு வந்தாள். அண்ணி கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டே ஆற விட்டாள்.

"வேலை போனாப் போகட்டும்ண்ணா. நான் அழுத்துனேனா இல்லையா? அது மட்டும் எனக்குத் தெரியணும்."

"அழுத்தாம எப்படி இருப்ப? ஏழு வருஷப் பழக்கம்."

"பழக்கம்தாண்ணா என்னைக் கொல்லுது. ஒரு நாளைக்கு நூத்தம்பது தடவை அழுத்தறேன். அந்த ஒரு தடவை விரல் போச்சா இல்லையான்னு யோசிச்சு யோசிச்சுப் பார்க்கறேன், ஞாபகமே வர மாட்டேங்குது. அந்தம்மா குரல்தான் வருது. கதவத் திறந்து வச்சிட்டேன் தாயின்னாங்க."

"நான் பார்த்துச் சொல்றேன். லாக்ல எல்லாம் இருக்கும்."

"அழுத்தலன்னு இருந்தாலும் மறைக்காதண்ணா."

"மறைக்க மாட்டேன்."

ஆனால் அன்றைக்கு அவரை லாக் பக்கம் விடவில்லை. சொந்தத் தங்கை விவகாரம், நீங்கள் தொடக் கூடாது என்றார் மேலாளர். மென்பொருள் செய்து கொடுத்த கம்பெனியிலிருந்து ஒருவன் வந்தான். கம்பெனி கொடுத்த பார்வைப் பக்கத்தைத் திறந்தான். அது கோப்பின் கடைசி ஆயிரம் வரியை மட்டுமே காட்டும். செவ்வாய்க்கிழமை அதில் எப்படி இருக்கும்? யாரோ சொன்ன பிறகு பழைய கோப்பைத் திறந்து, ஒன்பது நாற்பத்திரண்டு என்று தேடி, "ஒண்ணுமில்ல சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அந்தச் சர்வரின் கடிகாரம் ஏழு நிமிஷம் பின்தங்கி ஓடுவது அந்தக் கட்டடத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும்.

வியாழக்கிழமை காலை மேலாளருக்கே மனசு கேட்கவில்லை போலும். "சரி, நீங்களே ஒரு தடவ பார்த்துடுங்க" என்றார்.

நோண்டி கோப்பில் ஒன்பது முப்பத்தைந்து என்ற நேரத்துக்குப் போய்த் தேடினார். இருந்தது. இரண்டே வரி. முதல் வரி: பதினான்காம் இருக்கையிலிருந்து வண்டி அனுப்பச் சொல்லிக் கட்டளை வந்தது. முப்பது நொடி கழித்து இரண்டாம் வரி: பதிவேட்டுக்குப் போகும் இருபது இணைப்புகளும் வேறு வேலையில் மாட்டியிருக்கின்றன, காத்திருந்து பார்த்தாயிற்று, கட்டளை கைவிடப்பட்டது.

அழுத்தியிருக்கிறாள். அவள் விரல் போயிருக்கிறது. சர்வர்தான் வாங்கி, அவள் திரைக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் கீழே போட்டிருக்கிறது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அறையில் யாருமில்லை, அதனால் கூச்சப்படாமல் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார். அப்போது மணி பத்து ஐம்பது.

அந்த நிமிஷமே அந்த இரண்டு வரியை நகலெடுத்திருக்க வேண்டும். முதலில் நகல், பிறகுதான் மற்ற வேலை என்று புதிதாக வருகிற அத்தனை பேருக்கும் பாடம் எடுத்த ஆள். ஊருக்குத்தான் உபதேசம். அவருடைய மூளை அதற்குள் ‘ஏன்’ என்ற இடத்துக்குத் தாவிவிட்டது. இருபது இணைப்பையும் பிடித்து வைத்திருந்தது யார்? மற்ற நாட்களின் கோப்புகளைப் புரட்டினார். தினமும் பதினொரு மணிக்குச் சில நொடி இதே அடைப்பு வந்து, கட்டளைகள் காத்திருந்து தப்பிப் போயிருந்தன. செவ்வாய்க்கிழமை மட்டும் சீக்கிரமே வந்து, முப்பது நொடிக்கு மேல் நீண்டு, ஒரு உயிரைக் கொண்டுபோயிருந்தது. இன்னும் பத்து நிமிஷத்தில் பதினொன்று. இப்போது காத்திருந்தால் திருடனைக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்.

சர்வரிடம் ‘இன்னும் விவரமாக எழுது’ என்று சொல்ல ஒரு பக்கம் உண்டு. எந்தெந்தப் பகுதி பேச வேண்டும் என்று பட்டியலில் குறிக்கலாம். குற்றவாளி யாரென்று தெரியாததால் அவர் எல்லாப் பகுதிகளுக்கும் சேர்த்து, உச்ச அளவில், வாயைத் திறந்துவிட்டார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். லாக் கோப்பு முடிவில்லாமல் வளராது. ஒரு அளவு வந்ததும் சர்வர் அதை மூடிவைத்துவிட்டுப் புதுக் கோப்பு தொடங்கும். பழையதில் ஐந்தை மட்டும் வைத்துக்கொள்ளும். ஆறாவது வந்தால் ஆகப் பழையது அழிந்துவிடும். சாதாரணமாக ஒரு கோப்பு நிரம்ப இரண்டு நாள் ஆகும், ஆக பத்து நாள் சங்கதி கையில் இருக்கும். பழைய லாக்கைச் சேர்த்து வைக்கத் தனியாக ஒரு சேமிப்பு வட்டு வேண்டும் என்று மூன்று வருடம் எழுதிக் கேட்டார். மூன்று வருடமும் அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று பதில் வந்தது. கேட்டு அலுத்து விட்டுவிட்டார்.

எல்லாப் பகுதியும் வாயைத் திறந்தால் கோப்பு சீக்கிரம் நிரம்பும் என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். மதியம் வரை தாங்கும் என்று மனக்கணக்குப் போட்டார். பதினொன்று ஐந்துக்கு மூடிவிடப் போகிறோம், பிறகென்ன என்று நினைத்தார். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இவர் யானை என்பதால்தான் சறுக்கினார். தெரியாதவன் பயந்து நகலெடுத்து வைத்திருப்பான்.

பத்து ஐம்பத்தெட்டுக்கு மேஜைத் தொலைபேசி அடித்தது. மேலாளர்.

"உடனே கீழ வாங்க. மீட்டிங்."

"சார், ஒரு பத்து நிமிஷம்..."

"தலைமை அலுவலகத்துலேர்ந்து வந்து உட்கார்ந்திருக்காங்க. நீங்க இல்லாம ஆரம்பிக்க முடியாது. உடனே."

போனார். கோப்பில் அந்த இரண்டு வரியும் அப்படியே இருந்தன. 

கூட்டம் எதைப் பற்றி? வருகைப் பதிவுக்கு வைத்த இயந்திரம் சில பேருடைய கட்டைவிரலை ஏற்க மாட்டேன் என்கிறதாம். பதினோரு பேர் சுற்றி உட்கார்ந்து கட்டைவிரலைப் பற்றிப் பேசினார்கள். ஈரக் கை, காய்ந்த கை, ரேகை தேய்ந்த கை. இவர் எழுந்திருக்கப் பார்க்கிற போதெல்லாம் ஒருவர் இவரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். நடுவில் மேலாளர் பக்கமாகக் குனிந்து, தணிந்த குரலில் விசாரித்தார்.

"அந்த விஷயம் பார்த்தீங்களா? ஏதாவது கிடைச்சுதா?"

‘கிடைத்தது சார், மேலே வாருங்கள், கண்ணால் பாருங்கள்’ என்று சொல்ல வேண்டிய இடம் அது. நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? இருபது இணைப்பைப் பிடித்தது யார் என்று கேட்டால்? இன்னும் கொஞ்ச நேரம், மூன்றையும் சேர்த்து மேஜை மேல் வைத்துவிடலாம்.

"இருங்க சார், முழுசாக் கொண்டு வர்றேன்" என்றார்.

பதினொன்று ஐம்பதுக்குக் கூட்டம் கலைந்தது. படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினார். திரையில் எழுத்து அருவியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. சர்வர் தனக்குள் நடக்கிற ஒவ்வொரு அசைவையும் ஒப்பித்துக்கொண்டிருந்தது. கோப்புகளின் பட்டியலைத் திறந்தார். ஐந்து பழைய கோப்புகள் இருந்தன. ஆகப் பழையதில் முதல் வரியின் நேரம் பதினொன்று ஒன்பது. ஏழு நிமிஷத்துக்கு ஒரு கோப்பு நிரம்பியிருக்கிறது. செவ்வாய்க்கிழமை போய்விட்டது. பதினொரு மணி அடைப்பு, எதைப் பிடிக்க இத்தனையும் செய்தாரோ அந்தத் திருடனின் தடமும், போய்விட்டது.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்றால்கூடச் சமாதானம் உண்டு. இது கைக்கு எட்டியதைத் தன் கையாலேயே தட்டிவிட்டது. அழிந்த கோப்பை மீட்கிற வித்தை அவருக்குத் தெரியும். அன்றைக்கு முழுதும் முயன்றார். வட்டு விளிம்பு வரை நிரம்பியிருந்ததால் பழையது கிடந்த இடத்திலேயே புதியது ஏறி உட்கார்ந்துவிட்டது. துண்டு துண்டாகச் சில எழுத்துகள் வந்தன. யாருடைய முகவரியோ, யாருடைய பாதித் தொலைபேசி எண்ணோ. பதினான்காம் இருக்கை வரவில்லை.

அன்று சாயங்காலம் கம்பெனிக்காரர்கள் சத்தமில்லாமல் ஏதோ ஒரு திருத்தத்தைப் போட்டுச் சர்வரை நிறுத்தித் தொடங்கினார்கள். கடிகாரத்தையும் சரிசெய்தார்கள். மறுநாளிலிருந்து பதினொரு மணி அடைப்பு வரவே இல்லை. எங்கள் மென்பொருளில் எந்தக் குறையும் இல்லை என்று கடிதம் கொடுத்தார்கள்.

வீட்டில் மனைவியிடம் சொன்னார்.

"போன்ல ஒரு படம் புடிச்சிருக்கலாமேங்க" என்றாள். குற்றம் சொல்கிற குரலே இல்லை. "போன் சட்டைப் பையிலதான இருந்திருக்கும்?"

பையில்தான் இருந்தது.

விசாரணையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த அதிகாரி நல்ல மனிதர்தான். நிதானமாகக் கேட்டார். தங்கை ஓரத்தில் ஒரு நாற்காலியில் இருந்தாள்.

"நீங்க இவங்களுக்கு என்ன உறவு?"

"கூடப் பிறந்த அண்ணன்."

அதிகாரி குறித்துக்கொண்டார். "அழுத்தினதுக்கு ஆதாரம் பார்த்தேங்கறீங்க."

"ரெண்டு வரி சார். கண்ணால பார்த்தேன்." நினைவிலிருந்து எழுதி வைத்திருந்த தாளை நீட்டினார். அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது உங்க கையெழுத்து."

"ஆமா சார்."

"நேரம் ஒன்பது முப்பத்தஞ்சுன்னு எழுதியிருக்கீங்க. அழைப்பு வந்தது ஒன்பது நாப்பத்திரண்டு."

"சர்வர் கடிகாரம் ஏழு நிமிஷம் பின்னாடி ஓடிச்சு சார்."

"இப்ப சரியாத்தான் ஓடுதுன்னு அறிக்கை இருக்கு." தாளைக் கீழே வைத்தார். "அந்தக் கோப்பு எப்படி அழிஞ்சுது?"

"என்னாலதான் சார்."

பிறகு மேலாளரைக் கேட்டார்கள். அவர் பொய் சொல்லவில்லை, பாவம். நடந்ததை நடந்தபடி சொன்னார். "பதினொன்றேகால் மணி சுமாருக்கு நானே கேட்டேன் சார், ஏதாவது கிடைச்சுதான்னு. கிடைச்சுதுன்னு சொல்லல. இருங்க, கொண்டு வர்றேன்னார்." அதைக் கேட்டு ஓரத்து நாற்காலியிலிருந்து தங்கை தலையை நிமிர்த்தி அண்ணனைப் பார்த்தாள். அவர் இருபத்திரண்டு வருடத்தில் ஆயிரம் கோளாறுகளுக்கு விளக்கம் கொடுத்தவர். இந்த ஒன்றை எப்படி விளக்குவது? சொன்னாலும் யாருக்கு விளங்கும்? தங்கையின் மானம் தொங்கிக்கொண்டிருக்கும்போது, ‘ஏன்’ தெரியவில்லை என்பதற்காக ஒருவன் வாயை மூடிக்கொண்டிருந்தான் என்றால் எந்த மடையன் நம்புவான்?

கவனக்குறைவு என்று எழுதி அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள். இவருக்கு எச்சரிக்கைக் கடிதம். மறு வாரமே தனி வட்டு வந்து இறங்கியது. ஒரு வருடத்து லாக்கைத் தாங்கும் வட்டு. அவரே அதைப் பொருத்தினார்.

தங்கை வீட்டுக்குப் போனார். இரண்டே அறை. மகளின் பள்ளிச் சீருடையை மேஜைமேல் விரித்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ அழுத்தினடா. நான் பார்த்தேன். சத்தியமாப் பார்த்தேன்."

"சரிண்ணா."

"சரின்னா என்ன அர்த்தம்? என்னை நம்பறியா இல்லையா?"

அவள் காலரை மடித்து அழுத்தினாள். "பார்த்திருந்தா அவர் கேட்டப்பவே சொல்லியிருப்ப. நீ யாரு, எப்படிப்பட்ட ஆளுன்னு எனக்குத் தெரியாதா? ஒரு வரி கிடைச்சா அதைத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு ஓடி வந்திருப்ப."

"இல்லடா, ஏன்னு தெரிஞ்சதும் சேர்த்துச் சொல்லலாம்னு..."

"விடுண்ணா. நான் கேட்டது தப்பு. அழுத்தலன்னாலும் மறைக்காதன்னு உன்கிட்டப் போய்க் கேட்டேன் பாரு. உனக்கு எப்படி மனசு வரும்?" இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "ஞாயித்துக்கிழமை அந்தம்மா வீட்டுக்குப் போறேன். தனியாப் போகப் பயமா இருக்கு. நீ கூட வர்றியா?"

அவர் அன்றிலிருந்து சாப்பாட்டில் கை வைத்தாரே தவிரச் சாப்பிடவில்லை. தங்கை தன்னை வெறுத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் அன்போடு நம்ப மறுத்ததை அவரால் தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் போனார்கள். முதல் மாடியில் குறுகலான வீடு. படிக்கட்டில் செருப்புகளை ஒழுங்காக அடுக்கியிருந்தார்கள். அந்த அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். யாரென்று சொன்னதும் கத்துவார், கதவைச் சாத்துவார் என்று இவர் எதிர்பார்த்திருந்தார். அவர் உள்ளே வரச் சொன்னார். உட்காரச் சொன்னார்.

தங்கை உட்காரவில்லை. "அம்மா, அன்னைக்கு உங்க அழைப்ப எடுத்தது நான்தான். வண்டி வருதுன்னு சொல்லிட்டு, பொத்தானை அழுத்த மறந்துட்டேன். மன்னிச்சிடுங்கன்னு கேக்கறதுக்குக்கூட எனக்கு வாய் இல்ல" என்றாள். அழவில்லை. மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைப் போல் சொன்னாள்.

"இல்லம்மா" என்று இவர் எழுந்துவிட்டார். "இவ மறக்கல. இவ அழுத்தினா. சர்வர்தான் அனுப்பல. நான் என் ரெண்டு கண்ணால பார்த்தேன். ரெண்டு வரி இருந்துச்சு."

அந்த அம்மா தங்கையைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார். "நீங்க யாரு?" என்றார்.

இவர் பதில் சொல்வதற்குள் தங்கை சொல்லிவிட்டாள். "என் அண்ணன்மா. எனக்காகச் சொல்றார்."

அந்த அம்மா மெல்லத் தலையாட்டினார். அவர் முகத்தில் கோபம் இல்லை.

"அண்ணன்னா அப்படித்தான் இருக்கணும்" என்றார்.